பதினொன்றாவது பிணம்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் எமன். ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐந்தடி மூன்று அங்குலம். தொப்பை இல்லை, குரல் இல்லை, கோபம் என்பது மருந்துக்கும் இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிடுவார். அவள் வந்து செருப்பால் ஒரு போடு போடும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். இந்த மனுஷன்தான் பத்தொன்பது வருஷமாகக் கொலைகளை எண்ணிச் சம்பளம் வாங்கினார்.

அவர் வேலை பார்த்தது திரைப்படங்களுக்குத் தரம் பிரிக்கிற அலுவலகத்தில். எந்தப் படம் வந்தாலும், இதை எல்லோரும் பார்க்கலாமா, பிள்ளைகள் பெரியவர் துணையோடு பார்க்கலாமா, பதினெட்டு வயது தாண்டியவர்கள் மட்டும்தான் பார்க்கலாமா என்று அங்கே முடிவு செய்து முத்திரை குத்துவார்கள். அத்தானுடைய மேஜைக்கு வன்முறைப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒருத்தர்தான் பிரிவு. பக்கத்து மேஜை முத்தப் பிரிவு. அந்த மேஜைக்காரருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேலையில் படு கவனம் என்று பேர் வாங்கியிருந்தார்.

வன்முறைப் பிரிவுக்குப் பிழைப்பே கௌபாய் படங்கள்தான். சண்டைப் படம் ஆயிரம் வரும், போகும். ஆனால் வெள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வந்து இறங்கினால் அத்தானுக்கு அன்றைக்கு வேலை மும்முரம் என்று அர்த்தம். இந்தப் படங்களில் ஊர் என்றால் ஒரு தெரு, ஒரு சாராயக்கடை, ஒரு வங்கி, கொஞ்சம் தூசி. ஜனத்தொகையே நூறைத் தாண்டாது. அதில் பாதிப் பேரை இடைவேளைக்குள் சுட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்துக்கொண்டு அந்த ஊர் அப்புறம் எப்படி நடந்தது என்று எந்தப் படத்திலும் காட்டியதில்லை.

"நேத்து பாத்த படத்துல என்ன கதை அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

யோசித்தார். "கதையா? ஒரு ஊர். நாப்பத்திரண்டு பேர்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். படம் போட்டுப் பார்க்கிற சின்ன அறையில் மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி அவருடையது. மடியில் ஒரு அட்டை, அதில் கோடு போட்ட தாள், கையில் நுனியில் குட்டி பல்பு எரிகிற பேனா. துப்பாக்கி, கத்தி, கயிறு, மற்றவை என்று நான்கு கட்டம். ஒருத்தன் செத்தால் ஒரு கோடு. நான்கு கோடு ஆனதும் குறுக்கே ஒன்று. கதாநாயகன் காதலியைக் கட்டிக்கொண்டு அழும்போது இவர் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

சாவு என்றால் என்ன என்பதற்கு அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. டாக்டர்களுக்கே இன்னும் அதில் தகராறு என்கிறார்கள், இவர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். விழுந்தவன் மூன்று விநாடி அசையாமல் கிடந்தால் அவன் செத்தவன். அதற்குள் காட்சி மாறிவிட்டால், விழுந்த விதத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். பின்னால் எங்கேயாவது அவன் உயிரோடு தென்பட்டால் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பத்துச் சாவு வரைக்கும் பிள்ளைகள் பெரியவர் துணையோடு பார்க்கலாம். பதினொன்று ஆனால் பதினெட்டுக்கு மேல். பத்துப் பேர் சாவதைப் பார்த்துத் தாங்குகிற பிள்ளை பதினொன்றாவது ஆளைப் பார்த்ததும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடும் என்று எந்தப் பெரிய மூளை கண்டுபிடித்ததோ தெரியவில்லை.

முடிவெடுப்பது ஐந்து பேர் கொண்ட குழு என்று காகிதத்தில் இருக்கும். அதில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், மற்ற மூவரும் யார் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. மதியச் சாப்பாடு முடிந்துதான் படம் போடுவார்கள். விளையாட்டு ஆசிரியர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே தூங்குவதில் பயிற்சி உள்ளவர். பல் டாக்டர் முழித்திருப்பார், ஆனால் வில்லன் சிரிக்கும்போது மட்டும்தான் பார்ப்பார். விளக்குப் போட்டதும் ஐவரும் அத்தான் தாளின் அடியில் இருக்கிற எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே ஊரில் எந்தப் பிள்ளை எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்தவர், கரப்பான்பூச்சிக்குப் பயந்த என் அத்தான்.

இது பட வியாபாரிகளுக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். தூக்கில் தொங்குகிறவனின் கால் விரல் தரையைத் தொடுகிறது, அதனால் அவன் சாகவில்லை என்று ஒருத்தர் கெஞ்சினார். அத்தான் மறுநாள் அந்தக் காட்சியை ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, தொடவில்லை என்று எழுதிவிட்டார். பழக்கூடையோடு வருகிறவர்களைக் கூடையோடு திருப்பி அனுப்புவார். புது வருஷக் காலண்டர்கூட வாங்க மாட்டார். அக்கா வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருக்கும். "எமன்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சவன் உண்டா" என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. வேறு எதிலும் அவர் ஜெயித்ததில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் கதை கெட்டது என்னால்தான்.

நான் ஒரு சினிமாக் கொட்டகை நடத்தினேன். இருநூற்றுப் பத்து இருக்கை, அதில் நூற்றுத் தொண்ணூறில் உட்காரலாம். கட்டடம் சொந்தமில்லை. சொந்தக்காரர் மெத்தை வியாபாரி. உள்ளே வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, ஈரம் இல்லை என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவார். இந்தப் பள்ளி விடுமுறைக்கும் கூட்டம் வரவில்லை என்றால் மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கிவிடுவேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பதினேழு வருஷம் நடத்திய கொட்டகை. எனக்கு வேறு எதுவும் தெரியாது. அந்த இருட்டை விட்டு வெளியே வந்தால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

விடுமுறைக்குக் கொட்டகைக்கு வருவது பிள்ளைகளும், அவர்களை இழுத்துவரும் அப்பா அம்மாவும்தான். அவர்களுக்காக ஒரு பழைய கௌபாய் படத்தைப் பிடித்தேன். குதிரை இருக்கிறது, மீசை இருக்கிறது, நல்லவன் கடைசியில் ஜெயிக்கிறான். வாங்குவதற்கு முன்னாலேயே கடலை கொறித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது சாவுதான் வந்தது. பெரியவர் துணையோடு என்ற முத்திரை நிச்சயம் என்று நினைத்து விளம்பரத்துக்கே சொல்லிவிட்டேன்.

படம் அத்தான் மேஜைக்குப் போனது. அவர் முதல் வேலையாக மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். விண்ணப்பதாரர் என் மனைவியின் தம்பி, ஆகவே இந்தப் படத்தை வேறு ஒருவர் பார்ப்பதே முறை என்று. மேலதிகாரி அதன் ஓரத்திலேயே பதில் எழுதினார்: "இந்தப் பிரிவில் வேறு ஒருவர் இல்லை. நீங்களே பாருங்கள்." முத்தப் பிரிவுக்காரரிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் கையில் ரத்தம் பட்டால் முத்தத்தில் கவனம் சிதறும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வந்து கைகால் கழுவிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் படிக்கிற குரலில், "பதினொண்ணு தம்பி" என்றார்.

நான் விட்டுவிட்ட இரண்டு பேரில் ஒருத்தன் வங்கிக் கதவுக்குப் பின்னால் கத்திக்குத்துப் பட்டவனாம். அதை ஒத்துக்கொண்டேன். இன்னொருத்தன், கூரையிலிருந்து குண்டடி பட்டுக் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் விழுந்தவன். அவன் முகம் தெரியவில்லை, தண்ணீருக்குள் போய்விட்டான், சாவதைக் காட்டவே இல்லை என்று நான் சண்டை போட்டேன். அக்காவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். தண்ணிக்குள்ள விழுந்தவன் நீந்தி அந்தப் பக்கம் போயிருக்கக்கூடாதா என்று கேட்டாள். தொட்டி மொத்தமே ஆறடிதான், அதில் எங்கே நீந்துவது, எந்தப் பக்கம் போவது என்று அத்தான் பொறுமையாக விளக்கினார். விழுந்த பிறகு தண்ணீர் அசையாமல் நின்றதை ஏழு விநாடி காட்டியதாகவும் சொன்னார். மற்றவர்கள் ஏழு விநாடி தண்ணீரைப் பார்க்கும்போது கொட்டாவி விடுவார்கள். இவர் எண்ணியிருக்கிறார்.

அக்கா மறுநாள் காலை தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். விடுமுறை முடிவதற்குள் முந்நூறு சட்டை கொடுக்க வேண்டும். "ஒரு பொணத்த விட்டுக் குடுக்க முடியாதவர் கூட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது" என்று எல்லோரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் பயந்துபோனார்கள்.

அவளுடைய மெஷினை என் கொட்டகையில்தான் போட்டேன், வீட்டில் இடமில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்துக்கொண்டு தைப்பாள். என்னிடம் இருந்த படப் பிரதியை அவளே போடச் சொன்னாள். எந்தப் படுபாவியால் தன் குடும்பம் பிரிந்தது என்று பார்க்க வேண்டுமாம். முதல் நாள் ஒருமுறை பார்த்தாள். இரண்டாம் நாள் காலர் தைத்துக்கொண்டே பார்த்தாள். மூன்றாம் நாள் மெஷினை நிறுத்திவிட்டு, "டேய், அந்த மொதல் பேங்க் சண்டையத் திருப்பிப் போடு" என்றாள்.

படத்தில் மூன்றாவதாகச் சாகிறவன் சிவப்புக் கைக்குட்டை கட்டினவன், தாடி இல்லாதவன். கொள்ளைக்கூட்டத்து ஆள். வங்கிப் படியில் சுடப்பட்டு விழுகிறான், மூன்று விநாடிக்கு மேல் கிடக்கிறான், அத்தான் கோடு போட்டாயிற்று. தொட்டியில் விழுகிறவன் தாடி வைத்தவன், கறுப்புத் தொப்பி. அவனும் அதே கூட்டம். அக்கா இரண்டு காட்சியையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, திரைக்கு முன்னால் போய் நின்று சாக்குக்கட்டியால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே ஆள்டா. தாடிய ஒட்டிட்டான், தொப்பிய மாத்திட்டான். தோள எங்க கொண்டு போய் மாத்துவான்? எடது தோள் ஒரு இஞ்ச் எறக்கம். அந்தப் பக்கம் கை எப்பவும் தொங்கும். இப்படி ஒரு ஒடம்புக்கு நான் சட்ட தச்சிருக்கேன், ராத்தூக்கம் போச்சு எனக்கு."

நானும் பார்த்தேன். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. படமெடுத்தவன் சிக்கனக்காரன். ஒரே ஆளை இரண்டு தடவை சாகடித்து வேலையை முடித்துக்கொண்டிருக்கிறான்.

அத்தானுக்கு ஆள் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார், கையில் அட்டையும் பேனாவும் இருந்தன. அக்காவிடம் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு காட்சியையும் நான்கு தடவை பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து, தன் தோளிலேயே காட்டச் சொல்லி அக்காவிடம் கேட்டார். அவள் அளவுநாடாவை எடுத்து அவர் கழுத்திலிருந்து தோள் நுனி வரைக்கும் வைத்தாள். நான்கு நாள் கழித்து அவரைத் தொட்டாள்.

"நீ சொல்றது சரி" என்றார் அத்தான். "மூணாவதா செத்தவன் அப்புறம் அதே கூட்டத்தோட குதிரையில வர்றான். அப்ப அவன் மொதல்ல சாகல. சுற்றறிக்கைப்படி எடுத்துடணும். பத்துதான்." கொஞ்ச நேரம் கழித்து, "பத்தொன்பது வருஷத்துல நான் ஒருத்தன் தோளையும் பாத்ததில்ல" என்றார். அக்காவைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. நாங்கள் மூவரும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்தோம். நான் அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். அக்காவும் மெஷினும் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. குழு அந்தப் படத்துக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போட்டாலும் தூங்கிக்கொண்டுதானே போடுகிறது. ஆனால் இவர் நேர்மையானவர் ஆயிற்றே. இரண்டு பக்க அறிக்கை எழுதினார். மூன்றாவது பிணமும் பதினொன்றாவது பிணமும் ஒரே ஆள் என்பதை நிமிஷம், விநாடி போட்டு விளக்கினார். கடைசியில், எதையும் மறைக்கக்கூடாது என்று, "இது குறித்துத் தையல் வல்லுநர் ஒருவரின் கருத்தும் பெறப்பட்டது. மேற்படி வல்லுநர் என் மனைவி" என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்த ஒரு வரி போதாதா? மத்தியானத்துக்குள் மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. பிறகு நடந்ததையெல்லாம் முத்தப் பிரிவுக்காரர்தான் எனக்குச் சொன்னார். அவருக்கும் பார்ப்பதற்கு வேறு நல்ல காட்சி கிடையாது.

மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டுக் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அத்தானை உட்காரச் சொல்லி, "செத்தவனையே எழுப்பிட்டீங்களே" என்று சிரித்திருக்கிறார். இத்தனை வருஷமாக உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கும், இன்றைக்குத்தான் மனுஷனாகத் தெரிகிறீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அத்தான் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன், இரண்டு நிமிஷம் வந்து தோளை மட்டும் பாருங்கள் என்று கெஞ்சினாராம். "எதுக்கு? நான் நம்புறேன்" என்று மேலதிகாரி ஒரு கண்ணை மூடித் திறந்தார். அத்தானுக்கு வாழ்க்கையில் முதல்முதலாக ஒருத்தர் அடித்த கண் அது.

அவர் விடவில்லை. பல் டாக்டரைக் கூப்பிட்டார், வரவில்லை. முத்தப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார். வந்தார், பார்த்தார், எனக்கு வேறு பிரிவு சார் என்று சொல்லிவிட்டார். டீ கொண்டுவருகிறவர் அன்றைக்குக் கேட்காமலேயே பிஸ்கட் வைத்தார். மறுநாள் ஒரு பட வியாபாரி பழக்கூடையை மேஜை மேலேயே வைத்துவிட்டு, தன் படத்தில் பதினான்கு சாவு, அதில் நாலு பேருக்குத் தோள் இறக்கம் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் அவர் பின்னாலேயே ஓடினார். ஓடுகிறவரைப் பார்த்த எல்லோரும், கூடையைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் குழு கூடியது. கையெழுத்துக்கு முன்னால் அத்தான் தன் தாளைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தார்கள். பத்தை அடித்தார். பதினொன்று என்று எழுதினார். அறிக்கை இரண்டு பக்கத்தையும் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார் என்றார் முத்தப் பிரிவுக்காரர். பிறகு மேலதிகாரி எழுந்து நின்று, சொந்த மச்சினனுக்காகக்கூட ஒரு சாவைக் குறைக்காதவர் என்று சொல்லி அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மேஜையில் எழுதப்பட்ட முதல் பொய் அதுதான். அதற்குத்தான் முதல் கைகுலுக்கலும் கிடைத்தது.

பதினெட்டுக்கு மேல் என்ற கடிதம் கிடைத்ததும் நான் அக்கா வீட்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். எழுத முடியாத வார்த்தைகள், அதை மட்டும் வைத்தே எனக்குப் பதினெட்டுக்கு மேல் முத்திரை குத்தலாம். அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா என்னை அடக்கினாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கேட்டாள்.

"நான் காட்டினேன். நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் இப்படி எழுதினீங்க?"

"பத்தொன்பது வருஷம்" என்றார் அத்தான். அக்கா கீழே வைத்த சட்டையை மறுபடி கையில் எடுத்தாள். இந்தத் தடவை அவள் மெஷினை எடுத்துக்கொண்டு வரவில்லை. அங்கேயே இருந்தாள், சோறு போட்டாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். வண்டியில் ஏறி வந்ததைவிட இது மோசம் என்று எனக்குத் தெரிந்தது.

கொட்டகையில் படத்தைப் போட்டேன், போடாமல் என்ன செய்வது. சுவரொட்டியில் பதினெட்டு என்று பெரிதாகப் போட வேண்டும், அது சட்டம். அதைப் பார்த்துவிட்டு முதல் காட்சிக்கு முப்பது பேர் வந்தார்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் கடைசி வரிசையில். அவர்கள் எதிர்பார்த்து வந்தது குதிரைகளை இல்லை. இடைவேளை வரைக்கும் ஒரு பெண் முகம் கழுவுவதைக்கூடக் காட்டவில்லை என்று ஒருத்தர் என்னிடம் வந்து நியாயம் கேட்டார். வாசலில் அப்பாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நானே திருப்பி அனுப்பினேன். அவர்கள் நேராக எதிர்க்கடைக்குப் போய்ப் பொம்மைத் துப்பாக்கி வாங்கிக்கொண்டு தெருவிலேயே ஒருத்தரை ஒருத்தர் சுட்டார்கள். நான் எண்ணவில்லை, பதினொன்றுக்கு மேல் இருக்கும். எட்டாம் நாள் மெத்தைகள் வந்து இறங்கின. திரை இருந்த இடத்தில் இப்போது இரட்டைக் கட்டில் மெத்தைகள் கூரை வரைக்கும் நிற்கின்றன.

இரண்டு மாதம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. ஆண்டு விழாவில் என் அத்தானுக்கு நேர்மைக்கான பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்களாம். பாதிக்கப்பட்ட உறவினர் என்ற முறையில் நானும் மேடைக்கு வந்து அவருக்குக் கைகொடுத்தால் நன்றாக இருக்கும், ஊழியர்களுக்கு ஒரு பாடமாக அமையும் என்று மேலதிகாரி தன் கைப்பட எழுதியிருந்தார். அக்கா வர முடியாது என்று சொல்லிவிட்டாள், நாற்பது சட்டைக்குப் பொத்தான் வைக்க வேண்டுமாம். நான் போனேன். சாப்பாடு போடுகிறார்கள் என்பதற்காக என்று நண்பர்களிடம் சொன்னேன். உண்மையில், அவர் கூனிக் குறுகி நிற்பதை முன்வரிசையிலிருந்து பார்க்கத்தான் போனேன். அவ்வளவு வன்மம் இருந்தது எனக்கு.

மேலதிகாரி இருபது நிமிஷம் பேசினார். உறவா கடமையா என்று வந்தபோது எண்ணிக்கைதான் முக்கியம் என்று நின்ற மாமனிதர் என்றார். பல் டாக்டர் சிரித்துக்கொண்டு கைதட்டினார். முத்தப் பிரிவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டம் போட்ட பத்திரத்தை அத்தான் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார், கடையில் வாங்கினது, தோள் அவருக்குப் பெரிதாக இருந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேடையில் ஏறி அவர் கையைப் பிடித்தேன். கீழே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்து அவர் என் பக்கம் குனிந்தார்.

"பத்துதான் தம்பி" என்றார்.

நான் அவரைத் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் அதை நம்பக்கூடிய ஒரே ஆள் நான்தான், அதனால்தான் என்னிடம் சொன்னார்.

"தெரியும் அத்தான்" என்றேன். "சிரிங்க, போட்டோ எடுக்குறாங்க."